கட்டணச் சுவருக்கு அப்பால் இருப்பதை யாரிடம் கேட்பது?

கட்டுரையின் தலைப்பு தெரிகிறது. ஆசிரியர் பெயர் தெரிகிறது. நாலு வரிச் சுருக்கமும் தெரிகிறது. அதற்குக் கீழே, முழுவதும் படிக்க 40 டாலர் என்கிறார்கள். அல்லது ‘உங்கள் நிறுவனத்தின் வழியாக உள்நுழைக’ என்கிறார்கள். நிறுவனமே இல்லாதவர் என்ன செய்வார்?

இந்தக் கேள்வியை எனக்கு எழுதுபவர்களில் பலர் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவர்கள். ஊர் வரலாறு எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியர், மலாயாவுக்குப் போன கொள்ளுத் தாத்தாவின் தடம் தேடுபவர், தனியார் கல்லூரியில் முதுகலை படிக்கும் மாணவர், அடிக்குறிப்பு ஒன்றைச் சரிபார்க்க நினைக்கும் மொழிபெயர்ப்பாளர். தேடத் தெரியாதவர்கள் அல்லர். தேடிக் கண்டுபிடித்த பிறகு வாசலில் நிற்பவர்கள். யாரிடமாவது உதவி கேட்கலாம் என்பது தெரியும். யாரிடம் என்பதில்தான் குழப்பம்: நூலகரிடமா, கட்டுரையை எழுதியவரிடமா, இணையத் தன்னார்வலர்களிடமா, கூலிக்குத் தேடித் தருபவரிடமா, கடவுச்சொல் வைத்திருக்கும் நண்பரிடமா?

அதற்கு முன்னால், எதிரே நிற்பது என்ன சுவர் என்று பாருங்கள். எல்லாச் சுவரும் பணம் கேட்பதில்லை. சில தளங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் கொடுத்துப் பதிவு செய்தால் போதும் என்கின்றன. சில, நீங்கள் ஒரு கல்லூரியையோ ஆய்வு நிறுவனத்தையோ சேர்ந்தவரா என்று பார்க்கின்றன. இன்னும் சில, நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பார்க்கின்றன. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழைய செய்தித்தாள் களஞ்சியத்தில் ஏராளமான பக்கங்களை எங்கிருந்தும் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் பிற்கால இதழ்கள் பலவற்றை அங்குள்ள நூலகத்துக்குப் போய்த்தான் பார்க்க முடியும். அந்தப் பக்கத்துக்கு எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் பயனில்லை. சிங்கப்பூரில் ஓர் உறவினர் இருந்தால் பயனுண்டு.

அளவுகோல்கள்

ஐந்து விஷயங்களைக் கொண்டு ஒவ்வொரு வழியையும் எடைபோடுகிறேன்.

முதலாவது, கைக்கு வருவது எந்தப் பிரதி? அச்சில் வந்த இறுதி வடிவமா, ஆசிரியர் தம் தளத்தில் போட்டுவைத்த, அச்சுக்கு முந்தைய படியா? பொருளைத் தெரிந்துகொள்ள இரண்டாவது போதும். பக்க எண்ணோடு மேற்கோள் காட்ட வேண்டுமென்றால் போதாது. அந்தப் படியில் இதழின் பக்க எண்ணே இருக்காது.

இரண்டாவது, மொத்தச் செலவு. கட்டணத்தோடு பயணம், காத்திருப்பு, திரும்பத் திரும்ப எழுதும் கடிதங்கள் எல்லாம் சேர்த்து.

மூன்றாவது, அனுமதி. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆய்வு உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் பயன்படுத்துவதை ஏற்கிறது. ஆனால் கட்டுரைகளைச் சந்தாவுக்குத் தரும் தரவுத்தளத்துக்கும் நூலகத்துக்கும் இடையிலான உரிம ஒப்பந்தம் வேறு விஷயம். நீங்கள் படிப்பது தவறாக இல்லாதபோதும், உங்களுக்கு அனுப்பியவர் தம் ஒப்பந்தத்தை மீறியிருக்கக்கூடும்.

நான்காவது, உங்கள் கேள்வி யார் காதில் விழுகிறது? சொத்துத் தகராறு, நோய், இன்னும் வெளிவராத ஆய்வு ஆகியவற்றில் இது பெரிய விஷயம்.

ஐந்தாவதைப் பலரும் யோசிப்பதில்லை. ‘இல்லை’ என்ற பதிலை எவ்வளவு நம்பலாம்? ஆவணம் கிடைத்துவிட்டால் கண்ணால் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். கிடைக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், எங்கெங்கே, என்னென்ன சொற்களில், எந்தெந்த ஆண்டுகளில் தேடினார் என்று தெரியாமல் அந்தப் பதிலை என்ன செய்வது? மனிதரைத் தேடச் சொல்வதன் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அவரிடம் இருக்கும் சாவியைவிட, எந்த அறையில் தேட வேண்டும், எங்கே தேடி முடித்தாயிற்று என்று அவரால் சொல்ல முடிவது மதிப்பு மிக்கது.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஓர் அட்டவணை:

| வழி | கைச்செலவு | காத்திருப்பு | கிடைக்கும் பிரதி | ‘இல்லை’ என்றால் நம்பலாமா? |
|---|---|---|---|---|
| நீங்களே தேடுவது | இல்லை | உடனே | கலவை | ஓரளவு |
| நூலகர் | பெரும்பாலும் இல்லை; பயணம் உண்டு | சில நாள்கள் | இறுதி வடிவம் | நன்றாக நம்பலாம் |
| கட்டுரை ஆசிரியர் | இல்லை | ஒரு மணி நேரம் முதல் ஒருபோதும் இல்லை வரை | பெரும்பாலும் இறுதி வடிவம் | பொருந்தாது |
| விக்கிப்பீடியா வழி | உழைப்பு | சில நாள்கள் | இறுதி வடிவம் | ஓரளவு |
| கூலிக்குத் தேடுபவர் | நாள் அல்லது மணிக் கணக்கு | வாரங்கள் | நகல், குறிப்பு | எழுதி வாங்கினால் நம்பலாம் |
| இரவல் கடவுச்சொல் | வெளியில் தெரியாது | உடனே | இறுதி வடிவம் | ஓரளவு |
| பணம் கட்டுவது | டாலரில் | உடனே | இறுதி வடிவம் | அந்தத் தளத்துக்கு மட்டும் |

நீங்களே தேடுவது

யாரிடம் கேட்பதற்கும் முன்னால் இதைச் செய்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. கூகுள் ஸ்காலரில் கட்டுரைத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால், முடிவின் அடியில் அதே கட்டுரையின் மற்ற பதிப்புகளைக் காட்டும் சிறு இணைப்பு இருக்கும். பதிப்பகத்தில் பூட்டியிருப்பது ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் திறந்து கிடப்பது சர்வ சாதாரணம். அன்பேவால் (Unpaywall) என்ற உலாவி நீட்சியை நிறுவிக்கொண்டால், சட்டப்படியான இலவசப் பிரதி எங்காவது இருக்கும்போது பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரியும்.

ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியத்தில் நிறுவனம் இல்லாதவர்களும் இலவசக் கணக்கு தொடங்கி 30 நாள்களில் 100 கட்டுரைகள் வரை திரையில் படிக்கலாம். தரவிறக்க முடியாது, அவ்வளவுதான். இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் சோத்கங்கா தளத்தில் இலவசமாக இருக்கின்றன. பூட்டிய கட்டுரையின் ஆசிரியர் இந்தியர் என்றால் அதன் விரிவான வடிவம் அவருடைய ஆய்வேட்டிலேயே இருக்க வாய்ப்புண்டு. இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் ‘நூலகம்’ என்ற இணையத் திட்டம். பழைய ஆங்கில நூல்களுக்கு இன்டர்நெட் ஆர்கைவ். 1876–78 தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி வில்லியம் டிக்பி 1878-இல் வெளியிட்ட இரண்டு தொகுதி நூல் அங்கே முழுமையாகக் கிடைக்கிறது. அதிலிருந்து இரண்டு பத்தி எடுத்தாண்ட கட்டுரைக்கு 40 டாலர் கொடுப்பதற்குமுன் மூலத்தைப் பார்த்துவிடலாம்.

தீர்ப்புகளுக்கும் இதே கதைதான். தீர்ப்பின் வாசகம் யாருடைய தனிச்சொத்தும் அல்ல. உச்ச நீதிமன்றமே 2023 ஜனவரியில் தன் தீர்ப்புத் தொகுதிகளை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. இந்தியன் கானூன் என்ற இலவசத் தீர்ப்புத் தேடுதளம் அதற்கு முன்பிருந்தே இருக்கிறது. சந்தாத் தளங்கள் விற்பது தீர்ப்பின் சாரத்தைச் சொல்லும் தலைக்குறிப்பையும் வழக்குகளுக்கு இடையிலான பிணைப்பையும்தான். வழக்கறிஞருக்கு அவை வேண்டும். ஒரே ஒரு தீர்ப்பைப் படிக்க வந்தவருக்கு வேண்டாம்.

இதில் மறைந்திருக்கும் செலவு, நிறுத்தத் தெரியாமல் போவது. இரண்டு மாலைகள் கழிந்த பிறகும் தேடிக்கொண்டிருந்தால், மனிதரைக் கேட்கும் நேரம் வந்துவிட்டது.

நூலகர்

நம் ஊரில் நூலகர் என்றால் புத்தகம் எடுத்துத் தருபவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கேள்வியைக் கொண்டுபோய் அவர் முன் வைக்கும் பழக்கம் குறைவு. இது நமக்குத்தான் நட்டம்.

அரசு கல்லூரியிலோ அரசு பல்கலைக்கழகத்திலோ படிப்பவர் என்றால் நிலைமை இப்போது மாறியிருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய்; 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள்; 6,300-க்கு மேற்பட்ட நிறுவனங்கள். ஆனால் இது அரசு நிர்வாகத்தில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது. சுயநிதிக் கல்லூரி மாணவர் வெளியேதான் நிற்கிறார். ஒரே நாடு என்ற பெயர் கொஞ்சம் அவசரமாக வைக்கப்பட்டுவிட்டது.

வெளியே நிற்பவருக்கும் இரண்டு வாசல்கள் உண்டு. பல பதிப்பகங்களின் உரிம ஒப்பந்தங்களில், நூலகத்துக்கு நேரில் வந்து அங்குள்ள கணினியில் படிக்கும் வெளியாளுக்கு இடம் தரும் விதி இருக்கிறது. எல்லா ஒப்பந்தங்களிலும் இல்லை. எல்லா நூலகங்களும் வெளியாரை உள்ளே விடுவதும் இல்லை. ஆகவே கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள். ‘கட்டுரையை எனக்கு அனுப்பிவையுங்கள்’ என்று கேட்டால் நூலகர் தயங்குவார். அவருக்கு அது ஒப்பந்த மீறல். ‘நான் வந்து உங்கள் கணினியில் படித்துக்கொள்ளலாமா?’ என்று கேட்டால் சம்மதிக்க வழியிருக்கிறது.

மற்றொரு வாசல், நூலகங்களுக்கு இடையிலான இரவல். 1988-இல் தில்லி நூலகங்களின் வலையமைப்பாகத் தொடங்கிய டெல்நெட், இன்று நாடெங்கும் உள்ள நூலகங்களுக்கு இடையே நூல்களையும் கட்டுரை நகல்களையும் பரிமாறுகிறது. உங்கள் கல்லூரி அதில் உறுப்பினராக இருந்தால், கேட்க வேண்டியவர் உங்கள் நூலகர்தான். கல்லூரி கட்டும் சந்தாவை யாரும் பயன்படுத்தாமல் கிடப்பதும் உண்டு.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். சுவர் இணையத்தில்தான் இருக்கிறது, காகிதத்தில் இல்லை. 1896-இல் திறக்கப்பட்ட சென்னை கன்னிமாரா நூலகம், 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்டில் வெளியாகும் நூல்களும் செய்தித்தாள்களும் வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. 1970-களின் பத்திரிகைச் செய்தி ஒன்றுக்காக எந்தத் தளத்துக்குச் சந்தா கட்டலாம் என்று யோசிப்பவர், எழும்பூருக்குப் பஸ் டிக்கெட் எடுப்பது பற்றியும் யோசிக்கலாம். அதற்கும் முந்தைய தமிழ் அச்சு வேண்டுமென்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு 1994-இல் உருவானது. பட்டியலை இணையத்தில் தேடிவிட்டு, குறிப்பிட்ட நூலின் பெயரோடு போனால் வேலை வேகமாக நடக்கும்.

வெளிநாட்டு நூலகர்களையும் கேட்கலாம். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் ‘நூலகரைக் கேளுங்கள்’ என்ற இலவசச் சேவை உண்டு. உலகில் எங்கிருந்தும் எழுதலாம். பூட்டிய கட்டுரையை அனுப்ப மாட்டார்கள். எந்தத் தொகுப்பில் இருக்கிறது, வேறு எங்கே திறந்து கிடக்கிறது என்று சொல்வார்கள். ஐந்தாவது அளவுகோலில் இவர்களை மிஞ்ச ஆளில்லை.

கட்டுரையை எழுதியவர்

நேர்மையாகச் சொன்னால், ஒரே ஓர் ஆய்வுக் கட்டுரை வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் வழி இதுதான். ஆய்விதழ்க் கட்டுரைக்கு நீங்கள் கட்டும் 40 டாலரில் எழுதியவருக்குப் பொதுவாக ஒரு சல்லிக்காசும் போவதில்லை. தம் கட்டுரையை யாராவது படித்தால் போதும் என்று இருப்பவர் அவர்.

பல பதிப்பகங்கள் இதற்கென்றே ஆசிரியருக்கு வசதி செய்து கொடுத்திருக்கின்றன. டெய்லர் அண்ட் பிரான்சிஸ் இதழ்களில் எழுதியவரிடம் 50 பேருக்கு இலவசமாகத் தரக்கூடிய இணைப்பு இருக்கும். எல்சவியர், கட்டுரை வெளியானதும் 50 நாள்கள் யாரும் திறந்து படிக்கக்கூடிய இணைப்பை ஆசிரியருக்குத் தருகிறது. அவர் உங்களுக்கு உதவுவதற்காக எந்த விதியையும் வளைக்க வேண்டியதில்லை.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்? நான்கு வரி போதும். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும் என்றாலும் பொருள் இப்படி இருக்கலாம்:

‘நான் திருநெல்வேலி மாவட்ட நெசவாளர் இடப்பெயர்வு பற்றி எழுதி வருகிறேன், எந்தப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவன் அல்லன். தங்களுடைய இன்ன ஆண்டு இன்ன இதழில் வெளியான கட்டுரையின் சுருக்கத்தைப் படித்தேன். அதில் வரும் கூலிப் பதிவேடு பற்றிய பகுதி எனக்கு முக்கியம். கட்டுரையின் பிரதியையோ, பகிரக்கூடிய இணைப்பையோ அனுப்ப இயலுமா?’

இவ்வளவுதான். வாழ்க்கை வரலாறு வேண்டாம். சுருக்கத்தையாவது படித்திருக்கிறீர்கள் என்பது மூன்றாவது வாக்கியத்தில் தெரிய வேண்டும். அதுதான் பதில் வரவழைக்கும் வாக்கியம். கட்டுரையில் உள்ள மின்னஞ்சல் முகவரி பழையதாக இருக்கலாம். ஆய்வு மாணவராக இருந்தபோது எழுதியவர் இப்போது வேறு நாட்டில் ஆசிரியராக இருப்பார். தற்போதைய நிறுவனப் பக்கத்தைத் தேடி எழுதுங்கள்.

குறைகளும் இல்லாமல் இல்லை. 1983-இல் எழுதியவர் இன்று இல்லாமல் போயிருக்கலாம். இருப்பவரும் விடுமுறையில் இருக்கலாம். நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டிய வேலைக்கு இந்த வழியை நம்பாதீர்கள். அத்துடன், உங்கள் கேள்வி அதே துறையில் இருக்கும் ஒருவருக்குப் போகிறது என்பதும் நினைவிருக்கட்டும். பெரும்பாலும் அது நன்மைதான். அடுத்து எதைப் படிக்கலாம் என்றும் சேர்த்து எழுதுவார்.

விக்கிப்பீடியா வழி

இதைப் பற்றித் தமிழர்களில் பலருக்குத் தெரிவதில்லை. விக்கிமீடியா அறக்கட்டளை நடத்தும் விக்கிப்பீடியா நூலகம், தொடர்ந்து பங்களிப்பவர்களுக்குப் பல சந்தாத் தரவுத்தளங்களை இலவசமாகத் திறந்துவிடுகிறது. கணக்குக்கு ஆறு மாதமாவது வயதாகியிருக்க வேண்டும். 500 தொகுப்புகள், அதாவது பக்கங்களில் திருத்தங்கள், செய்திருக்க வேண்டும். கடந்த 30 நாள்களில் பத்துத் தொகுப்புகளாவது இருக்க வேண்டும். தடை எதுவும் இருக்கக் கூடாது. தமிழ் விக்கிப்பீடியாவில் செய்த தொகுப்புகளும் கணக்கில் சேரும். அந்த அளவு எட்டாதவர்களுக்கு, கட்டுரை ஒன்றை மேம்படுத்த இன்ன ஆதாரம் தேவை என்று கேட்டால், அணுகல் உள்ள தன்னார்வலர் தேடித் தரும் பரிமாற்றப் பக்கம் ஆங்கில விக்கிப்பீடியாவில் இருக்கிறது.

இலவசம் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் கூலி முன்பணமாகக் கொடுக்கப்படுகிறது. 500 தொகுப்புகள் சும்மா வருவதில்லை. சொந்தக் காரியத்துக்காக மட்டும் இதற்குள் நுழைபவர் பாதியில் களைத்துவிடுவார். அவர்களுக்காக ஏற்பட்ட ஏற்பாடும் அல்ல இது. எப்படியும் ஊர்களைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் எழுதிக்கொண்டிருப்பவருக்கு இதைவிடச் சிறந்த நூலகச் சீட்டு கிடையாது.

கூலிக்குத் தேடுபவர்

2002 முதல் 2006 வரை கூகுள் நிறுவனமே இப்படி ஒரு கடை நடத்தியது. கூகுள் ஆன்சர்ஸ் என்று பெயர். கேட்பவர் 2 டாலர் முதல் 200 டாலர் வரை விலை வைப்பார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆய்வாளர் ஒருவர் தேடி எழுதுவார். தொகையில் முக்கால் பங்கு அவருக்கு. அந்தப் பதில்கள் பலவற்றின் கடைசியில், என்னென்ன சொற்களைக் கொண்டு தேடினேன் என்று ஆய்வாளர் எழுதிவைத்திருப்பார். இன்று யாரைக் கூலிக்கு அமர்த்தினாலும் இந்த ஒரு பழக்கத்தை நிபந்தனையாக வையுங்கள்.

கூலி கொடுத்தாவது மனிதரைத் தேடவிட வேண்டிய இடம் பழைய செய்தித்தாள்களும் ஆவணக் காப்பகங்களும்தான். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தாள்களில் நம் பெயர்கள் வந்திருக்கும் விதம் அப்படி. முதலியார் என்பது மூடெல்லி என்றும் மூடலியர் என்றும் வரும். ஆறுமுகம் ஆர்மூகம் ஆவார். திருச்சிராப்பள்ளி டிரிச்சினோபொலி, திருநெல்வேலி டின்னவெல்லி, நாகப்பட்டினம் நெகபடாம். அதற்கு மேல், மங்கிய அச்சை எந்திரம் எழுத்தெழுத்தாகப் படிக்கும்போது ஓர் எழுத்து இன்னொன்றாகிவிடும். இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு ‘என் தாத்தா பெயர் எங்கும் இல்லை’ என்று வருபவர்களுக்கு, அனுபவமுள்ள தேடுபவர் பெயரை விட்டுவிட்டு அவர் போன கப்பலின் பெயரையும் வந்து சேர்ந்த துறைமுகத்தையும் வாரத்தையும் வைத்துத் தேடுவார். இந்த அறிவு எந்தச் சந்தாவுடனும் சேர்ந்து வருவதில்லை.

ஆளை எங்கே பிடிப்பது? லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம், தனியாகத் தொழில் செய்யும் ஆய்வாளர்களின் பட்டியலைத் தன் தளத்திலேயே வைத்திருக்கிறது; காப்பகமே கட்டணத்துக்குத் தேடியும் தருகிறது. எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு அப்படிப்பட்ட பட்டியலை நம்புவதைவிட, அங்கே நாள்தோறும் உட்கார்ந்திருக்கும் ஆய்வு மாணவர் ஒருவரைப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறை வழியாகப் பிடிப்பது நல்லது.

பேரம் பேசும்போது விலையைவிட இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டாலும் கூலி உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். கிடைத்தால்தான் பணம் என்றால் எதையாவது கொண்டுவந்து நிறுத்தும் ஆசை யாருக்கும் வரும். பதிலாக, பார்த்த கட்டுகளின் எண்கள், ஆண்டுகள், தேடிய சொற்கள் ஆகியவற்றை எழுதித் தர வேண்டும் என்று கேளுங்கள். ஒன்றும் கிடைக்காத தேடலின் பலன் அந்தத் தாள்தான். அடுத்து வருபவர் அதே கட்டுகளை மறுபடி புரட்ட வேண்டியதில்லை.

இணையத்தில் ‘எந்தக் கட்டுரையும் 200 ரூபாய்’ என்று விளம்பரம் செய்பவர்கள் இந்த வகையில் வரமாட்டார்கள். அவர்கள் விற்பது தேடலை அல்ல. யாரோ ஒருவருடைய உள்நுழைவை.

இரவல் கடவுச்சொல்

நண்பர் ஒருவர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார், கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார். வேகமும் வசதியும் இதில்தான் அதிகம் என்பதை மறைத்துப் பயனில்லை. ஆனால் செலவு அவர் கணக்கில் ஏறுகிறது. நூலகத்துக்குப் பயன்படுத்தும் அதே கடவுச்சொல்தான் அவருடைய மின்னஞ்சலுக்கும் மதிப்பெண்ணுக்கும் கட்டணக் கணக்குக்கும். வழக்கத்துக்கு மாறான தரவிறக்கத்தைத் தரவுத்தளங்கள் கவனிக்கின்றன. நடவடிக்கை ஒருவரோடு நிற்பதும் இல்லை. 2010-இல் ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற நிரலாளர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக இணைப்பு வழியாக ஜேஸ்டோர் கட்டுரைகளை மொத்தமாக இறக்கியபோது, அந்த வளாகம் முழுவதற்கும் ஜேஸ்டோர் சில நாள்கள் துண்டிக்கப்பட்டது.

நண்பரைக் கேட்க வேண்டுமென்றால், கடவுச்சொல்லை வாங்காதீர்கள். அந்தக் கட்டுரையின் 214ஆம் பக்கத்தில் இன்ன செய்தி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லக் கேளுங்கள். பல நேரம் உங்களுக்கு வேண்டியதே அவ்வளவுதான்.

பூட்டிய கட்டுரைகளைப் பதிப்பகங்களின் அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் தளம் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். எல்சவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் மூன்றும் 2020 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆய்விதழ் விலைகள் நியாயமானவை என்று நான் சொல்லவில்லை. வரிப் பணத்தில் நடந்த ஆய்வை மறுபடியும் விலைக்கு வாங்க வேண்டியிருப்பது அபத்தம்தான். ஆனால் இந்தக் கட்டுரையின் கேள்வி, உங்கள் வேலை நிற்காமல் நடக்க எது வழி என்பது. நாளை திறக்குமா என்று தெரியாத கதவை நம்பி ஆய்வைத் திட்டமிட முடியாது.

உரையாடும் எந்திரங்கள்

பூட்டிய கட்டுரையை செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் பொதுவாகத் திறந்து படிப்பதில்லை. சுருக்கத்தையும் பிறர் எழுதியதையும் வைத்துக்கொண்டு, முழுவதையும் படித்த தோரணையில் பேசும். இல்லாத கட்டுரைக்கு ஆண்டும் பக்க எண்ணும் கொடுத்ததும் உண்டு. தேடுசொற்களை யோசிக்க, பழைய எழுத்துக்கூட்டல்களைப் பட்டியலிட, ஆசிரியருக்கான ஆங்கிலக் கடிதத்தைத் திருத்த நன்றாக உதவும். ஐந்தாவது அளவுகோலில் முழுத் தோல்வி. ‘இல்லை’ என்று அது சொன்னால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. உலாவியையே அதன் கையில் கொடுத்து உங்கள் கணக்கில் நுழையவிடும் வசதியும் வந்துவிட்டது. வங்கிக் கணக்கு திறந்திருக்கும் உலாவியில் அதைச் செய்யாதீர்கள்.

பிரௌசிங் சென்டர்

ஆய்வுக்கு வெளியே, தமிழ்நாட்டில் உள்நுழைவுக்கு அப்பால் இருப்பதைத் தேடித் தருபவர் பெரும்பாலும் பிரௌசிங் சென்டர்காரரும் பத்திர எழுத்தரும்தான். பதிவுத் துறையின் தளத்தில் கணக்கு வைத்திருப்பவர் வில்லங்க விவரங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பட்டா விவரமும் அப்படியே. கடையில் கொடுக்கும் பணம் தேடித் தரும் உழைப்புக்கு; சர்வே எண்ணில் உட்பிரிவு மாறியிருந்தால் பழைய எண்ணையும் போட்டுப் பார்க்கத் தெரிந்தவருக்கு அது தகும்.

ஆனால் கணக்கு யார் பெயரில், எந்தக் கைப்பேசி எண்ணில் தொடங்கப்படுகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அவசரத்துக்குக் கடைக்காரர் தம் எண்ணையே கொடுத்துவிடுவார். பிறகு ஓடிபி வருவதெல்லாம் அவருக்கு. உங்கள் நிலத்தைப் பற்றிய கேள்விக்கு ஒவ்வொரு முறையும் அவரிடமே போக வேண்டியிருக்கும்.

பணம் கட்டிவிடுவதே மேல் எனும்போது

பணம் கட்டுவதைக் கடைசி வழியாகவே பலர் வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் அது முதல் வழியாக இருக்க வேண்டும். நிறுவனம் ஒன்றின் கணக்கு விவரங்களைப் பார்க்க வேண்டுமா? கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் ஆவணங்களைப் பார்வையிட ஒரு நிறுவனத்துக்கு 100 ரூபாய். அதே ஆவணங்களை அழகாக அடுக்கித் தரும் இடைத்தரகுத் தளங்கள் பல மடங்கு வாங்குகின்றன.

தனிக் கட்டுரை வாங்குவதுதான் இருப்பதிலேயே மோசமான பேரம். சில பதிப்பகங்களில் கொடுத்த பணத்துக்கு 48 மணி நேரம் மட்டும் அணுகல் என்றும் எழுதியிருக்கும். தரவிறக்கிக்கொள்ளாமல் வைத்திருந்தால் போயிற்று. ஜேஸ்டோரின் தனிநபர் சந்தா மாதம் 19.50 டாலர், ஆண்டுக்கு 199 டாலர். ஒரு பதிப்பகக் கட்டுரையின் விலைக்குள் ஒரு மாதம் முழுவதும் படிக்கலாம். மாதச் சந்தாவில் பத்துக் கட்டுரைகளைத் தரவிறக்கவும் செய்யலாம். ஆனால் அங்கே அண்மை ஆண்டுகளின் இதழ்கள் பல இருக்காது. வேண்டிய இதழ் எந்த ஆண்டு வரை இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

2011-இல் தொடங்கிய, பழைய செய்தித்தாள்களின் சந்தாத் தளமான பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவில் தேடுவதற்குக் கட்டணமில்லை. முடிவுகளில் செய்தியின் சில வரிகளும் தெரியும். புதிதாகப் பதிவு செய்பவர்களுக்கு மூன்று பக்கங்கள் இலவசம். அந்த மூன்றை முதல் நாளே வீணாக்காதீர்கள். தேடிக் கிடைத்தவற்றின் தேதி, தாளின் பெயர், பக்கம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். பட்டியல் ஒரு மாத வேலைக்குத் தேறும்போது ஒரே ஒரு மாதத்துக்குச் சந்தா கட்டி, எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடலாம். கட்டிய அன்றே கணக்குப் பக்கத்துக்குப் போய் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான தளங்களில் கட்டிய காலம் முடியும்வரை அணுகல் இருக்கும்.